இளமதியின் பாதுகாவலர்

பெற்ற தாய் எதிரில் நிற்க, தலைமையாசிரியை தேவயானி சேர்க்கைப் பதிவேட்டில் விரலை வைத்து, "பாதுகாவலர், வசந்த்குமார். அவர் வந்து கையெழுத்து போட்டாத்தான் டிசி" என்றார்.

செங்கேணி மகளைப் பார்த்தாள். இளமதி உதட்டைப் பிதுக்கினாள்.

"யாரு மேடம் அது?"

"நீங்கதானம்மா சொல்லியிருப்பீங்க."

சொன்னது அவள்தான். மெல்ல நினைவு வந்தது. ஐந்து வருடத்துக்கு முன், இளமதியை ஆறாம் வகுப்பில் சேர்த்த அன்றே செங்கல் சூளைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. பெண்ணைத் தங்கை பொறுப்பில் விட்டாயிற்று. சட்டி பானை டிராக்டரில் ஏறிவிட்டது. பள்ளியில் படிவத்தை நீட்டி, பெற்றோரா பாதுகாவலரா, யார் கையெழுத்து என்று கேட்டார்கள். அவளுக்கும் எல்லப்பனுக்கும் எழுத வராது. அவர்கள் இருளர் குடியிருப்பில் எந்தத் தாள் வந்தாலும், எழுதத் தெரிந்த ஓர் ஆளைப் பிடித்து வருவதுதான் வழக்கம். பாதுகாவலர் என்றால் அந்த ஆள் என்று எடுத்துக்கொண்டு, டிராக்டர் ஓட்டி வந்தவனைக் கூப்பிட்டாள். அவன் இஞ்சினைக்கூட அணைக்காமல் இறங்கி வந்து போட்டுவிட்டுப் போனான்.

இப்போது இளமதிக்குக் காஞ்சிபுரத்தில் பதினொன்றாம் வகுப்பு, விடுதியோடு கிடைத்திருந்தது. நாளைக் காலை பத்து மணிக்குள் டிசியோடு போகாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்கு. எல்லப்பன் மரம் வெட்டப் போயிருந்தான். தாயும் மகளும் டவுன் பஸ் பிடித்துச் சாலவாக்கம் போனார்கள்.

அன்று டிராக்டர் ஓட்டி வந்த வசந்த்குமார் இப்போது அங்கே பஞ்சர் கடை வைத்திருந்தான். கடைக்கு மேலே கூலிங்கிளாஸோடு அவன் சிரிக்கும் பிளக்ஸ்.

"இன்னா செங்கேணி, வண்டி கிண்டி வாங்கிட்டியா?"

"உன் கையெழுத்து ஒண்ணு வேணும் நைனா. நீ எம் பொண்ணுக்குப் பாதுகாவலராம்."

அவனுக்கு நினைவில்லை. ஆனால் சொல் பிடித்துப்போயிற்று. வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். சட்டை மாற்றிக்கொண்டு வந்தான்.

பள்ளியில் யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டான். செங்கேணி நின்றாள். தேவயானி நீட்டிய தாளை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தான்.

"ஆஸ்டலா? வயசுப் பொண்ணு. நாளைக்கு ஒண்ணுன்னா என்னியத்தான கேப்பாங்க? ரெண்டு நாள் யோசிச்சு சொல்றன்."

"நாளைக்கே கடைசி நாளு நைனா."

"பொறுப்புன்னு ஒண்ணு கீதுல்ல?"

"அஞ்சு வருசமா எங்க போயிருந்துச்சு அந்தப் பொறுப்பு?"

"இந்தா, பேஜார் பண்ணிக்கினு இருந்தா கையெழுத்தே கெடையாது." பேனாவைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டான்.

இளமதி தலைமையாசிரியை பக்கம் திரும்பினாள். "மேடம், அண்ணனுக்குப் போன வாரம்தான் இருபத்தொண்ணு ஆச்சு. கடையில பிளக்ஸ் கட்டிக்கீறாங்க."

"கேக்கே ஒம்போது கிலோ," என்றான் வசந்த்குமார்.

தேவயானி விரல் விட்டு எண்ணினார். "அப்ப இவளைச் சேர்த்தப்போ உனக்குப் பதினாறு."

"அப்பவே டிராக்டர் ஓட்டுவேன் மேடம்."

"பதினெட்டு ஆகாதவன் யாருக்கும் பாதுகாவலரா இருக்க முடியாதுப்பா. அன்னைக்கு உனக்கே ஒருத்தர் வேணும்."

அவன் காலைக் கீழே இறக்கினான்.

செங்கேணி மேசையருகே வந்தாள். "அப்ப எம் பொண்ணு படிச்சது செல்லாதா மேடம்?"

"படிச்சதெல்லாம் செல்லும்." தேவயானி சிவப்பு மையால் வசந்த்குமாரை அடித்தார். "அம்மா நீங்க இருக்கும்போது பாதுகாவலர் எதுக்கு? கைநாட்டு வைங்க, போதும்."

"கைநாட்டு போதுமா?"

"போதும்."

"அன்னிக்கும் போதுமா?"

"அன்னைக்கும் போதும்."

செங்கேணி பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தி, தேவயானி காட்டிய இடத்தில் வைத்தாள்.

"பக்கத்துல சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும். எழுதத் தெரிஞ்ச வெளி ஆள்," என்றார் தேவயானி.

மூன்று பேரும் வசந்த்குமாரைப் பார்த்தார்கள். இந்தமுறை அவன் யோசிக்க நாள் கேட்கவில்லை. எழுந்து நின்று போட்டான்.

வாசலில் பைக்கை உதைத்துக் கிளப்பியவன் திரும்பினான். "செங்கேணி, பொண்ணப் பத்திரமா பாத்துக்க."

"சரி நைனா," என்றாள் அவள். "நீயும் பாத்துப் போ."