லூசியம்மாளின் தட்டு

புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும், கோயில் ஊழியம் பார்க்கும் கோயில்பிள்ளை இராயப்பன் அன்றைய புனிதரின் கதையை ஒரு சொல் பிசகாமல் வாசித்து முடித்திருப்பார். முப்பது வருடம் விடியற்காலைப் பூசைக்கு முன்னால் வாசித்து வாசித்து அத்தனையும் மனப்பாடம். கண்ணில் புரை விழுந்து எழுத்தெல்லாம் கஞ்சியாய்க் கலங்கி எட்டு மாதமாகியும், காந்திபுரத்துச் சந்துக்குள் இருந்த அந்தச் சின்னக் கிறிஸ்தவக் கோயிலில் ஒருவருக்கும் அது தெரியாது. ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஆஸ்பத்திரித் தெருப்பக்கமே அவர் போவதில்லை. தோலுரிக்கப்பட்டவர், அம்பு தைத்தவர், கொதிக்கும் எண்ணெயில் இறங்கியவர் கதையெல்லாம் கணீரென்று சொல்கிற மனிதருக்குக் கத்தி என்றால் பயம். அந்த வெட்கத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

1994 டிசம்பரில் ஒரு மதியம், கதவைச் சாத்தப்போகும் நேரத்தில் ஒரு பெண்குரல் கேட்டது.

"ஏனுங்க, கண்ணு குடுக்கற அம்மன் இங்கதானுங்களா?"

பொன்னாத்தாள் என்று பேர் சொன்னாள். வால்பாறை எஸ்டேட். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது குச்சி தெறித்து மகள் பொற்கொடியின் கண்ணில் குத்திவிட்டது. நாளைக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரி இந்தக் கோயிலுக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கிறாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு ஜோடி வெள்ளிக் கண்மலரை அவர் உள்ளங்கையில் வைத்தாள். மாரியம்மனுக்குச் சாத்துகிற அதே கண்மலர்.

"பூசாரி கையால மூஞ்சீல சாத்தீருங்க."

நான் பூசாரி இல்லை, இங்கே அந்த வழக்கமும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்ல மனம் வராமல் அவளைச் சுரூபச் சிலையின் முன்னால் கூட்டிப்போனார்.

"அம்மன் இல்லீங்க, மனுசிதான். லூசியம்மா. வேதத்த உடமாட்டேன்னதுக்கு ரெண்டு கண்ணையும் நோண்டிப்போட்டாங்க. ஆண்டவர் புதுசா ரெண்டு கண்ணு குடுத்தாராமா. அதான் கையில தட்டு. தட்டுல இருக்கறது பழைய கண்ணு."

அவள் தட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவிய மூஞ்சீலதான் கண்ணு ரெண்டும் இருக்குதுங்களே. அப்பறமும் தட்டுல வெச்சு நீட்டீட்டு நிக்கறாங்கன்னா, அது யாருக்குங்க?"

முப்பது வருடம் சொன்ன கதையில் இந்தக் கேள்வி ஒருநாளும் இராயப்பனுக்குத் தோன்றியதில்லை. லூசியம்மாள் எங்கோ கடல் தாண்டி, எப்போதோ செத்துப்போனவள் என்றுதான் நினைத்திருந்தார். அவளோ இத்தனை நாளும் இரண்டடி தள்ளி, கையை நீட்டியபடி நின்றிருக்கிறாள். கண்மலரோடு கையை நீட்டினார். கை தட்டை விட்டு விலகி வெறுங்காற்றில் துழாவியது.

"உங்களுக்குந் தெரியறதில்லீங்களா?" என்றாள் மெதுவாக.

"புரைங்க. அறுக்கோணும்னாங்க. பயமா இருக்குது அம்மணி."

அவள் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தாள். சின்னதாக ஒரு சத்தம்.

"எம்புள்ளைக்கு ஒரு கண்ணுலதானுங்க அடி. கடைல ஜோடியாத்தான் குடுத்தாங்க." அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டுக்குக் கொண்டுபோனாள். "இது உங்களுக்குங்க. காத்தால ஏழு மணிக்குப் புள்ளைய உள்ள கூட்டீட்டுப் போறாங்க. நீங்களும் வாரீங்களா?"

கையிலிருந்ததை அவர் தட்டில் வைத்தார். கையை எடுக்கவில்லை. அவர் விரல்கள் தட்டிலிருந்த சுதைக் கண்கள் இரண்டையும் தடவின. பக்கத்தில் அந்த வெள்ளி, அவள் முந்தானைச் சூடு ஆறாமல் கிடந்தது.