முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில் கேட்ட கேள்வி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது கேட்டு வாங்கப்பட்ட கதை. கேட்டவர் ஓட்டக் குழுவின் செயலாளர். ஏ.சி. விற்பது அவர் தொழில். ஊரையே வியர்க்கச் சொல்வது அவர் தொண்டு.

"ஆண்டு மலருக்கு ரெண்டு பக்கத்துல ஒரு கதை வேணும் சார். படிச்சு முடிச்ச கையோட ஆளு ஷூவைத் தேடணும்."

"ஷூ இல்லாதவங்க?"

"வாங்கட்டும் சார். பின்னட்டையே ஷூ கடை விளம்பரம்தான்."

யாரைப் பற்றி எழுதுவது என்பதையும் அவரே முடிவு செய்திருந்தார். குழுவில் 'கடைசி பஸ்' என்று ஒருவர் இருக்கிறார். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தை முடிக்க ஆறு மணி நேரம்தான் கெடு. அந்தக் கெடுவுக்குள் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க, '6:00' என்று எழுதிய கொடியை முதுகில் கட்டிக்கொண்டு ஒருவர் அளந்த வேகத்தில் ஓடுவார். அவர் பின்னால் ஓடுகிற கூட்டத்துக்கு பஸ் என்று பெயர். அதற்கும் பின்னால் வருவது வேன். பஸ்ஸைத் தவறவிட்டவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வரும். ஒன்பது வருடமாக அந்தக் கொடி இவர் முதுகில்தான் இருக்கிறது. வாரநாட்களில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்-ரே எடுக்கிறார்.

"எழுதறேன்" என்றேன். எழுதவில்லை. ஏன் என்பது ஐந்தாம் பகுதியில் வருகிறது. அதை முன்னால் போடத்தான் நினைத்தேன், துணிவு வரவில்லை.

2

தொடக்கம் அ: 'விடியலின் பொற்கதிர்கள் தார்ச்சாலையை முத்தமிடும் முன்பே அந்த வீரனின் பாதங்கள்—'

வேண்டாம். அந்தப் பாதங்களில் இரண்டு நகம் கிடையாது.

தொடக்கம் ஆ: 'ஓட்டம் என்பது கால்களால் எழுதப்படும்—'

(இதை எழுதியவனை வேனில் ஏற்ற வேண்டும்.)

தொடக்கம் இ: 'காலை ஐந்து மணிக்கு அவர் ஷூ நாடாவைக் கட்டினார். படியிறங்கினார். அடுக்குமாடியின் அடித்தளத்தில் நிறுத்தியிருந்த தன் காரில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.'

இது நடந்தது. பத்து மாதமாகத் தினமும் நடக்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

காருக்குள் அவர் பாட்டுக் கேட்பதில்லை, தூங்குவதுமில்லை. எதிரே சுவரில் பெயின்ட் உதிர்ந்த '17' இருக்கும். அதைப் பார்ப்பார். ஆறரைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பாட்டில் தண்ணீரைத் தலையிலும் மார்பிலும் ஊற்றிக்கொள்வார். பிறகு குழுவுக்குத் தட்டுவார்: 'இன்று 12 கி.மீ. கால் கனம். ஆனாலும் நிற்கவில்லை.' கட்டைவிரல்கள் உயரும். நூற்று நாற்பத்து மூன்று பேர் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத்தான் போர்வையை விலக்குகிறார்கள்.*

(* இந்தக் குழுவில், ஓடிய தூரத்தை அளக்கும் கைக்கடிகாரம் சாட்சி சொல்லாத ஓட்டம் ஓட்டமே இல்லை. 'கடிகாரம் சர்வீஸுக்குப் போயிருக்கு' என்று அவர் சொல்லி மாதக்கணக்காகிறது. கடைசி பஸ் போய்ப் பொய் சொல்வாரா என்ற மரியாதையில் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.)

ஓடிப் பார்க்காமல் இல்லை. முதல் வாரம் தெருமுனைவரை ஓடினார். மூச்சு இரைக்கத் தொடங்கியதும் வாய் தன்பாட்டுக்கு முணுமுணுத்தது: இன்னும் கொஞ்சம்தான். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தமாதிரி நின்றுவிட்டார். அன்றோடு சரி.

ஒருநாள் மனைவி சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அவர் பனியனை மோந்து பார்த்தாள்.

"ஏங்க, மாசக்கணக்கா உங்க பனியன் நாறவே மாட்டேங்குதே?"

"சோப்பு மாத்தினியா?"

"துவைக்கறதுக்கு முன்னாடி சொல்றேன்."

அவர் எதையோ தேடுவதுபோல் அலமாரியைத் திறந்தார்.

"காலையில வேற எங்கயாவது போறீங்களா?"

"நான் எங்க போவேன்?"

"போனாக்கூடப் பரவாயில்ல, ஒரு சண்டை போட்டுத் தீத்துக்கலாம். எங்கயுமே போறதில்லையோன்னுதான் பயமா இருக்கு."

(இந்த வசனத்தை நான் மெருகேற்றவில்லை. அவர் சொன்னது சொன்னபடி.)

4

போன வருட ஓட்டத்தில் அவர் பஸ்ஸில் பதினேழு பேர். அதில் ஒருவர் டைல்ஸ் கடைக்காரர். ஐம்பத்திரண்டு வயதில் முதல் நெடுந்தூர ஓட்டம், வழியெல்லாம் பேச்சு.

"தம்பி, அந்தக் கொடியில கீழ நம்ம கடைப் பேரப் போட்டா என்ன? பின்னாடி வர்றவன் ஆறு மணி நேரம் வேற என்னத்தப் படிக்கப் போறான்?"

பஸ்ஸே சிரித்தது. இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் பேச்சு நின்றது. முப்பத்தொன்றில் அவர் கொடிக்குப் பக்கத்தில் வந்தார். வகுப்பில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கும் பிள்ளையின் குரலில் கேட்டார்:

"தம்பி… நிக்கட்டுமா?"

"இன்னும் கொஞ்சம்தாண்ணே."

மீதி பதினொரு கிலோமீட்டர். கொடி பிடிப்பவர்களுக்குச் சொல்லித் தருவதே இதுதான்: எவ்வளவு தூரம் என்று கேட்டால் எண்ணைச் சொல்லாதே, கொஞ்சம் என்று சொல். ஒன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாரோ. அன்று சொன்னபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினொரு விநாடி பின்தங்கியிருந்தோமே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் தலையாட்டினார். நிற்கவில்லை. முப்பத்தொன்பதாவது கிலோமீட்டரில் சாலையோரத் தடுப்புக்கட்டையில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே சாய்ந்தார். மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

(இந்த இடத்தில் ஒரு டாக்டர் வந்து, 'முப்பத்தொன்றில் நின்றிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது' என்று சொல்லும் பத்தி ஒன்று இருந்தது. அடித்துவிட்டேன். நிஜத்திலும் ஒரு டாக்டர் அப்படிச் சொன்னார். அவருக்கு அது தெரியாது, இரக்கப்பட்டுச் சொன்னார்.)

5

அன்று பிற்பகல் மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு கடைசி பஸ் செயலாளருக்குப் பதினான்கு விநாடிக் குரல்பதிவு ஒன்றை அனுப்பினார். அழுகை, இரைப்பு, பின்னால் ஸ்ட்ரெச்சர் சக்கரத்தின் கிறீச்சு. இரங்கல் குறிப்பு எழுத வேண்டியவன் நான் என்பதால் செயலாளர் அதை எனக்குத் தள்ளிவிட்டுக் கூப்பிட்டார்.

"கேட்டீங்களா சார்? 'நிக்க மாட்டேன்'னு சொல்லியிருக்கார் சார், சாகப்போற மனுஷன்! எனக்குப் புல்லரிக்குது."

மூன்று முறை கேட்டேன். முதல் முறை எனக்கும் அப்படித்தான் கேட்டது. இரண்டாம் முறை, சக்கரச் சத்தத்துக்கு அடியில், தெளிவாக விழுந்தது: 'நிக்கட்டுமான்னு கேட்டாரு சார், நான்தான்—' அதோடு பதிவு முடிகிறது. மூன்றாம் முறை கேட்கும்போது என் கை 'நிற்க மாட்டேன்' என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்திருந்தது.

நிக்கட்டுமா. நிக்க மாட்டேன். வாய்க்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. எழுத்தில் கொண்டுவர ஒரு 'ற்' போட்டால் கம்பீரம் தானாக வந்துவிடுகிறது. ஒரு மனிதர் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை, செத்துப்போனார் என்று எந்த மலரில் போடுவார்கள்?

இரங்கல் கூட்டத்துக்குக் கடைசி பஸ் அதைத் திருத்தத்தான் வந்தார். வாசலிலேயே, "சார், அவர் சொன்னது அப்படி இல்ல—" என்று ஆரம்பித்தார். "அப்புறம் பேசலாம், மைக் ரெடி" என்றார் செயலாளர். உள்ளே படத்துக்குப் பின்னால் பன்னிரண்டு அடி பேனர்: 'நிற்க மாட்டேன்.' கடைக்காரரின் மகள் வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா பயப்படலங்கறதே போதும் அங்கிள். அம்மா அதச் சொல்லிச் சொல்லித்தான் ரெண்டு வாய் சாப்பிடறாங்க."

அவர் தலையாட்டினார். மூன்று வரிசை தள்ளி நின்ற நானும் ஆட்டினேன். அடுத்த வாரம் அந்த வாக்கியம் முந்நூறு பனியன்களில் ஏறியது.

6

செயலாளர் கேட்ட கதைக்கு இப்போது வருகிறோம். இந்த வருடம் கடைக்காரரின் மகள் ஓடுகிறாள். முழுத் தூரம், அப்பாவின் அதே எண், அதே பஸ். அப்பா விட்ட மூன்று கிலோமீட்டரை மகள் முடித்து வைக்கிறாள். செயலாளர் தலைப்பே கொடுத்துவிட்டார். அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

போன வருடச் சாவுக்குப் பிறகு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். அதற்கு நெஞ்சு எக்ஸ்-ரே வேண்டும். போன செவ்வாய்க்கிழமை அவள் கடைசி பஸ்ஸின் அறைக்கே வந்தாள். அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"வீட்டுப் பக்கத்துலயே லேப் இருக்கு அங்கிள். நீங்கதான் எடுக்கணும்னு வந்தேன்."

"நல்லதும்மா. பனியன மட்டும் மாத்திக்கணும். எழுத்து படத்துல விழும்."

"இதுவா? நிஜமாவா?"

"தடியான ரப்பர் பிரிண்ட் விழும். உள்ள என்ன இருக்குன்னு பாக்கவிடாம குறுக்க நிக்கும்."

"நிக்கட்டுமே. டாக்டர் படிச்சுக்கட்டும்" என்று சிரித்தாள். திரைக்குப் பின்னால் போகும்போது நொண்டினாள்.

"கால்ல என்ன?"

"முட்டி. ஒரு மாசமா. மாடிப்படி இறங்கவே முடியல. ஆனா இந்த வார்த்தைய நெஞ்சுல போட்டுக்கிட்டு எப்படி அங்கிள் நிக்கறது?"

மருத்துவமனை அங்கியில் வந்து, பனியனை எழுத்து மேலே தெரியும்படி மடித்து நாற்காலியில் வைத்தாள். அவளைப் பலகையை ஒட்டி நிறுத்தி, தாடையை ஏற்றி, தோளை முன்னால் தள்ளச் சொல்லிவிட்டு அவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனார்.

"மூச்ச நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க… விடுங்க."

படம் திரையில் வந்தது. இதயத்தின் நிழல் மார்பின் அகலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அறிக்கை எழுதுவது டாக்டர்தான் என்றாலும், இருபது வருடம் படம் எடுத்த கண்ணுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். அந்த நிழல் பெரிதாக இருக்க வேண்டும் என்று தான் வேண்டிக்கொண்டிருப்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு சின்னக் கோளாறு போதும். சான்றிதழ் கிடைக்காது, அவள் ஓடமாட்டாள், அவர் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. இருபத்து நாலு வயதுப் பெண்ணின் நெஞ்சில் நோயைத் தேடிக்கொண்டு நின்றார், இடமிருந்து வலமாக, பிறகு வலமிருந்து இடமாக.

நிழல் சின்னதாக, அழகாக, அதன் இடத்தில் இருந்தது.

"எப்படி அங்கிள்?"

"நல்லா இருக்கும்மா."

பனியனை மாற்றிக்கொண்டு கதவருகே போனவள் திரும்பினாள்.

"அப்பா வேற ஏதாவது சொன்னாரா அங்கிள்? அந்த ஒரு வார்த்தைதானா?"

7

இதுவரை அவரே என்னிடம் சொன்னது. "நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அதையும் உங்ககிட்ட சொன்னா நல்லா எழுதிருவீங்க சார்" என்று போனை வைத்துவிட்டார். என்னிடம் குரல்பதிவு இருப்பது அவருக்குத் தெரியும். பத்து மாதமாகத் தெரியும்.

ஆகவே முடிவுகள்.

முடிவு அ: அவர் சொல்லிவிடுகிறார். அவள் நாற்காலியில் உட்காருகிறாள். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. அழுகிறாள் என்றால் மலிவு; மன்னிக்கிறாள் என்றால் அதைவிட மலிவு. அவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வாள் என்று யோசித்தால் கை ஓடவில்லை.

முடிவு ஆ: அவர் சொல்லவில்லை. கொடியைக் கட்டிக்கொள்கிறார். முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில் அவள் பக்கத்தில் வந்து, "அங்கிள், நிக்கட்டுமா?" என்கிறாள். இது மிக அழகாக வந்திருந்தது. அந்த அழகுக்காகவே கிழித்தேன். பத்து மாதம் ஓடாத ஆள் முப்பத்தொன்றுவரை வரவே மாட்டார். பத்தாவது கிலோமீட்டரில் அவரே வேனில் ஏறியிருப்பார். பஸ்ஸில் வந்தவர்கள் கொடியில்லாத சாலையில் போய்க்கொண்டிருப்பார்கள், அவளும் அந்த முட்டியோடு.

முடிவு இ: 'நான் அவளுக்குப் போன் செய்து—'

இந்த வரியை ஏழு நாளாக முடிக்க முயன்றுகொண்டிருக்கிறேன். எண் இருக்கிறது. பதிவும் இருக்கிறது, பதினான்கு விநாடி.

கடைசி பஸ் இன்று காலையும் '14 கி.மீ.' என்று போட்டிருக்கிறார். அவளும் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறாள். அவளுடைய ஓட்டம் பதினெட்டு. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு இன்னும் ஐந்து நாள். மலர் நாளை அச்சுக்குப் போகிறது, இரண்டு பக்கம் காலியாக இருக்கிறது, செயலாளர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். நான் எழுதியிருப்பது இதுதான். இதை அவருக்கு அனுப்பலாம். அல்லது வீரன், பொற்கதிர் என்று இன்னொன்றை ஒரு மணி நேரத்தில் எழுதி அனுப்பிவிட்டு, இதை வேறெங்காவது, அவள் கண்ணில் படாத இடத்தில், கதை என்ற பெயரில் வெளியிட்டுக்கொள்ளலாம்.

எதைச் செய்தேன் என்று நான் சொல்லப்போவதில்லை. கையில் இருப்பது என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டக் குழுவின் ஆண்டு மலர் என்றால், அவளும் இந்த வரிவரை வந்திருக்கிறாள். மேற்கொண்டு நடப்பதை அவள்தான் எழுத வேண்டும். வேறு ஏதாவது புத்தகம் என்றால், ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள்.