எதிர்க்கட்சியின் தொழுவம்

அன்று காலை ஆறு மணிக்கு ரேடியோவில் தலைவரின் குரல் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பெண் வந்து, தலைவர் ஓய்வில் இருப்பதாகவும் மறு அறிவிப்பு வரும்வரை அவருடைய காலைப் பேச்சு இருக்காது என்றும் சொல்லிவிட்டு, ஏதோ வாத்திய இசையைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். தொழுவத்தில் முதல் மாட்டின் மடியைக் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊரில் அவருக்கு எதிர்க்கட்சி என்று பெயர். பால் வண்டிக்காரர் வைத்தது. தொழுவத்துத் தூணில் இவர் ரேடியோவை மாட்டி வைத்திருப்பார். ஐந்து வருடமாகத் தினமும் காலையில் தலைவர் பேசிவந்தார், மாலை ஐந்து மணிக்கு அதையே திரும்பப் போடுவார்கள். இரண்டும் கறவை நேரம். லேசாக ஒரு செருமல், பிறகு "என் செல்வங்களே" என்று ஆரம்பிக்கும். அவ்வளவுதான். டாக்டர் இல்லாமல் மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கும் மாட்டாஸ்பத்திரி, ஆற்றில் பாதியில் நிற்கும் பாலம், பகலெல்லாம் காணாமல் போகும் கரண்ட் என்று ஒன்று விடாமல் இழுத்துப்போட்டு இவர் கரித்துக்கொட்டுவார். கை பாட்டுக்குக் கறக்கும், வாய் பாட்டுக்கு ராஜினாமா கேட்கும். இவர் கத்துவது அங்கே கேட்கவா போகிறது என்று நான் சீண்டுவேன். கேட்காது என்ற தைரியத்தில்தான் கத்துகிறேன் என்பார். கோபம் முற்றினால் குரல் உடைந்து கீச்சென்று போகும். எனக்கு அந்தக் கீச்சுக் குரல் பிடிக்கும். இதை அவரிடம் சொன்னதில்லை.

வாத்திய இசைக்கு மாடுகள் பால் விடவில்லை. மூன்று மாடும் பாலை மேலே இழுத்துக்கொண்டு கல்லு மாதிரி நின்றன. வெந்நீர் ஊற்றித் தடவினோம், புண்ணாக்கைக் கரைத்து வைத்தோம். இத்தனை வருடமாக இவர் போடும் சத்தத்துக்குப் பழகியிருக்கும் என்று நினைத்து, இல்லாத தலைவரை அவர் வழக்கம்போலத் திட்டியும் பார்த்தார். ஒரு மாடு காதைக்கூட அசைக்கவில்லை. மூன்றும் தூணில் இருந்த ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் குவளையைக் கீழே வைத்தார். "அஞ்சு வருஷமா நான்தான் கறக்குறேன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

மறுநாள் மாலைக்குள் மடிகள் இறுகிச் சுட ஆரம்பித்துவிட்டன. மடிநோய் வந்தால் மாடு தேறாது. ஆஸ்பத்திரியின் பூட்டில் குளவி கூடு கட்டியிருக்கிறது. எங்களுக்கு நிலம் கிடையாது, அந்த மூன்று மாடுகள்தான் எங்கள் சோறு. அப்போது அந்த யோசனையைச் சொன்னது நான்தான், வேறு யார் மேலும் பழி போட முடியாது. வீட்டுக்கு யார் வந்தாலும் தலைவரைப் போலவே பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பது அவர் வழக்கம். "அந்தாளு மாதிரி பேசுவீங்கல்ல, ஒரு தடவை பேசித்தான் பாருங்களேன்" என்றேன்.

செருமினார். "என் செல்வங்களே" என்று கோணல் வாயோடு இழுத்தார். நான் சிரித்துவிட்டேன். மாடு சிரிக்கவில்லை, காலைத் தூக்கியது. இன்னொரு தடவை சொன்னார். கிண்டல் இருக்கும்வரை ஒரு சொட்டு இறங்கவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்து, அந்த வார்த்தைகளை அவரே நம்புகிற மாதிரி சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் வெளிச்சம் வரும், ஒருவரையும் நான் கைவிட மாட்டேன் என்றார். குவளையில் பால் பீய்ச்சும் சத்தம் கேட்டது. எனக்குப் புல்லரித்துப் போயிற்று.

முதல் வாரம் அது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. எதிர்க்கட்சி ஆளுங்கட்சிக்குத் தாவிவிட்டது என்று பால் வண்டிக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆனால் சொன்னதையே சொன்னால் மாடுகள் பாலை நிறுத்தின. மனப்பாடமாக இருந்த பேச்சுகள் தீர்ந்ததும் இவர் சொந்தமாக வாக்குறுதிகள் கொடுக்க ஆரம்பித்தார். ஒரு காலை பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, பாலம் எப்போது முடியும் என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை, தொழுவத்தைப் பார்த்துக் கேட்டாள். அடுத்த மழைக்கு முன்பு முடியும் தாயே என்று உள்ளிருந்து பதில் வந்தது. அக்கா தலையாட்டிக்கொண்டு போய்விட்டாள். உள்ளே இருப்பது யார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? முந்தின நாள்தான் இவரிடம் அரிவாள் இரவல் வாங்கிப் போயிருந்தாள்.

அதன்பிறகு தினமும் ஆட்கள் வந்தார்கள். ஆறு மணிக்கு முன்பே வேலியோரம் இருபது முப்பது பேர் நிற்பார்கள். ஒருவரோடொருவர் பேச மாட்டார்கள், குனிந்து தரையைப் பார்த்தபடி கேட்டுவிட்டு, கறவை முடிந்ததும் கலைந்து போவார்கள். பால் வண்டிக்காரரும் சிரிப்பதை விட்டுவிட்டு இன்ஜினை அணைத்துவிட்டு அவர்களோடு நின்றார். பால் என்னவோ முன்பைவிடக் கூடுதலாகத்தான் வந்தது. அதைச் சொல்லாமல் மறைத்தால் பொய்யாகிவிடும்.

வீட்டுக்குள் மாற்றம் மெதுவாக வந்தது. முதலில் ரேடியோச் செய்தியைக் கேட்டுத் திட்டுவது நின்றது. பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டேன். "போதுமானதாக இருக்கிறது. மிக்க நன்றி" என்றார். விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "போதும்டி" என்று தட்டைக் கையால் மூடும் மனிதர் அவர். அன்றிலிருந்து வீட்டிலும் அச்சடித்த மாதிரிதான் பேசினார். கதவைச் சாத்துங்கள். நாளை வெயில் அதிகமாக இருக்கக்கூடும். இதற்கு ஆவன செய்வோம். ஒழுகும் கூரையைக் காட்டினால், தங்கள் கோரிக்கை கவனத்தில் கொள்ளப்படும் என்று சொல்லிவிட்டுப் பாயில் படுத்துக்கொள்வார். பக்கத்தில் படுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வேற்று ஆளோடு ஒரே அறையில் இருப்பது போல இருந்தது.

நாற்பது நாள் கழித்துத் தலைவர் திரும்பி வந்தார். காலையில் ரேடியோவில் அறிவித்ததும் என் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிற்று. ஓடிப்போய்ச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். செருமல் வந்தது. "என் செல்வங்களே" வந்தது. மாடுகள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, இவரைத்தான் பார்த்தன. வேலிக்கு வெளியே நின்றவர்களும் அசையவில்லை. இவர் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"குரலில் உண்மை போதவில்லை" என்று சொல்லி ரேடியோவை அணைத்தார்.

அன்று மாலை, கறவைக்கு இன்னும் நேரம் இருந்தது, அடுப்படியில் அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். மாட்டை விற்றுவிடலாம், ரெண்டு பேரும் கூலிக்குப் போகலாம் என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒரே ஒரு தடவை அந்தாளைத் திட்டுங்க. பழைய மாதிரி கத்துங்க. எனக்குக் கேக்கணும்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். கண் அவருடையதுதான். தொண்டை ஏறி இறங்கியது. ஏதோ ஒன்றைக் கீழே தள்ளிவிட்டு இன்னொன்றை மேலே கொண்டுவரப் பாடுபடுகிறார் என்று தெரிந்தது. வாயைத் திறந்தார். சின்னதாக ஒரு செருமல் வந்தது. உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய விரல்களுக்கு இடையில் அந்தக் குரல் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது.

தொழுவத்திலிருந்து சொட்டும் சத்தம் கேட்டது. எழுந்து ஓடினேன். மூன்று மாடும் கயிறு இழுபட அடுப்படிப் பக்கமாகத் திரும்பி நின்றன. யாரும் தொடாமல் எல்லாக் காம்புகளிலிருந்தும் பால் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்தேன். கை வாளியை எடுத்துவிட்டது. முதல் மாட்டின் கீழே குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது உள்ளே அந்தக் குரல் தடுக்கியது. நடுவில் உடைந்து, கீச்சென்று, என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். என் கையில் இருந்த காம்பு இறுகிக்கொண்டது. தாரை மெலிந்து நூலாகி நின்றது. வாளி பாதிகூட நிறையவில்லை.

"நிறுத்திடாதீங்க. அந்தக் குரல்லயே பேசுங்க" என்று நான் குரல் கொடுத்தேன்.

பிறகு உள்ளே யாரோ செருமினார்கள். வாளியில் நுரை பொங்கி விளிம்புக்கு ஏறியது. மாடுகள் மூன்றும் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தன.