லொறிக்கு ஆள் பார்த்த உசனார்

1938ஆம் ஆண்டு மாசி மாதம். ஏறாவூர் நெல் வியாபாரி உசனார் லொறி வாங்கி மூன்று கிழமையாகியும் அது வாசலிலேயே நின்றது. ஓட்டுகிறேன் என்று வந்தவர்களில் லைசன்ஸ் வைத்திருந்தவன் நல்லரத்தினம் ஒருவன்தான். களுவாஞ்சிக்குடித் தேங்காய் வியாபாரி கனகசிங்கத்திடம் நாலு வருடம் லொறி ஓட்டியவன்.

"அங்க ஏன் விட்ட?" என்று கேட்டார் உசனார்.

"அவருக்கு இப்ப ஓட்டம் குறைவு, முதலாளி."

சொல்லும்போதே அவன் பார்வை தரைக்குப் போனது. உசனாருக்கு மனம் ஒப்பவில்லை. நெல் போனால் போகட்டும், மூட்டைமேல் ஏறிவரும் கூலிக்காரரின் உயிரையும் அல்லவா இவன் கையில் கொடுக்க வேண்டும்? மறுநாள் காலை பஸ் ஏறிக் களுவாஞ்சிக்குடிக்கே போய்விட்டார்.

கனகசிங்கத்தின் கடை வாசலில் மூன்று லொறிகளில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓட்டம் குறைவு என்று அவன் சொன்னது பொய்.

"வண்டி நல்லா ஓட்டுவான். வாய்தான் கூடாது," என்றார் கனகசிங்கம். "மழைக்குள்ள குருக்கள்மடத்தில ஒரு எருமையை அடிச்சுப்போட்டான். ரோட்டில ஈ காக்கை இல்ல. பேசாம வந்திருக்கலாம். வீடு தேடிப் போய், நான்தான் அடிச்சன் எண்டு சொல்லியிருக்கான். பிறகு அந்த ஊர்ச் சனமெல்லாம் நட்டஈடு கேட்டு என்ட வாசலில வந்து நிண்டுது. அண்டைக்கே அவனைப் போகச் சொல்லிட்டன்."

உசனார் திரும்பும் வழியில் குருக்கள்மடத்தில் இறங்கி விசாரித்தார். எருமைக்குச் சொந்தக்காரி கண்ணகை, தயிர் விற்பவள். அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

"பால் எருமை, தம்பி. அது குறுக்கால பாய்ஞ்சதும் மெய்தான். என்னோட வந்து, அது சாகுமட்டும் மழைக்குள்ள குந்திக்கொண்டு இருந்தான். நான் ஏசாத ஏச்சில்ல. ஆனா அவன் எழும்பிப் போகல்ல." பிறகு குரலைத் தணித்தாள். "அவன் வந்து சொல்லாட்டி, ஆர் அடிச்சதெண்டே எனக்குத் தெரியாமப் போயிருக்கும்."

மறுநாள் நல்லரத்தினம் வந்து வாசலில் நின்றான்.

"எருமையைப் பத்தி என்னிட்ட ஏன் மறைச்ச?"

அவன் முகம் வெளிறியது. "உள்ளதைச் சொல்லித்தான் அந்த வேலை போனது, முதலாளி. ரெண்டு பிள்ளையள் இருக்கு. இதுவும் போயிடுமெண்டு பயந்திட்டன்."

பொய் சொன்னதற்கு நன்றாய் ஏச வேண்டும் என்றுதான் உசனார் நினைத்திருந்தார். ஆனால் ஒரு கூட்டம் வந்து தன் வாசலில் நின்றிருந்தால் தானும் கனகசிங்கத்தைப் போலத்தான் செய்திருப்போமோ என்ற எண்ணம் வந்ததும் ஏசுவதைக் கைவிட்டார்.

"இனி என்ன நடந்தாலும் முதல்ல என்னிட்ட வா," என்றார். "போய்ச் சொல்ற எண்டா ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவம்."

சாவியை எடுத்து நீட்டினார். நல்லரத்தினம் அதை இரண்டு கையாலும் வாங்கினான்.

அறுவடைக் காலம். அன்று பகலே நெல் ஏற்ற லொறி வயல் வட்டைக்குப் புறப்பட்டது. உசனாரும் முன்னால் டிரைவருக்குப் பக்கத்துச் சீற்றில் ஏறிக்கொண்டார். புது ஆளைச் சோதிக்கத்தான் முதலாளி கூட வருகிறார் என்று கூலிக்காரர் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சொந்த லொறியில் ஒருமுறை போய்ப் பார்க்க அவருக்கிருந்த ஆசை அவர்களுக்குத் தெரியாது.