வெட்டச் சொன்ன மூன்றாம் அத்தியாயம்

அந்த மாதம் நான் வாசித்தவை மூன்று நூல்கள். மூன்றின் மீதும் எனக்குக் கோபம் இருந்தது.

கவிதைத் தொகுப்பின் எண்பத்து நான்கு பக்கங்களில் நிலா முப்பத்தொரு முறை வந்தது. கவிஞர் எண்ணூரில் வசிப்பதாகப் பின்னட்டை சொன்னது. துணிக்கொடியில் அனல்மின் நிலையச் சாம்பல் படியும் ஊரிலிருந்து இத்தனை துலக்கமான நிலவைக் கண்டவர், ஜன்னலைத் திறந்ததே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். சிறுகதைத் தொகுப்பில் பதினொரு கதைகள். ஏழு கதைகள் மழையில் முடிந்தன. எழுத்தாளருக்கு முடிவு கிடைக்காதபோதெல்லாம் வானம் உதவிக்கு வந்தது.

மூன்றாவது, சாலமனின் முதல் நாவல்.

ஞாயிறு காலை, ராயபுரத்தில் கமாலின் ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் வாசகர் வட்டம் கூடியது. முதலிரண்டு நூல்களைப் பற்றி நான் பேசியபோது எல்லோரும் சிரித்தார்கள். எழுதியவர்கள் அங்கே இல்லை. சாலமன் இருந்தான். கத்திவாக்கத்துக்காரன்; காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அவன் அருகில் அவனுடைய சின்னம்மா சிலுவையம்மாள், கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிப்பவர், தம் பிள்ளையின் புத்தகத்தைப் பற்றிப் பேசப்போகிறார்கள் என்று பட்டுப்புடவையில் வந்திருந்தார்.

வட்டத்தை நடத்தும் ஜாபர் தமிழ்ப் பேராசிரியர். நாவலைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பதா என்று அவருடைய கல்லூரி மறுநாள் முடிவு செய்யவிருந்தது. என் மதிப்புரையையும் இணைத்து அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். சாலமனுக்கு அது தெரியும். என் முகத்தை விட்டுவிட்டு, என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் பத்தியை வாசித்தேன். "மூன்றாம் அத்தியாயம் ஓர் ஊர்க்கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. கழிமுகத்தில் எந்தக் கரைக்காரர்கள் எந்த நாளில் வலை இறக்குவது என்று ஒன்பது பக்கங்கள் பேசுகிறார்கள். புனைவில் இதற்கு வேலை இல்லை. வெட்டிவிடலாம்."

"வெட்டு, வெட்டு," என்றான் சாலமன். "இன்னும் இன்னா கீது?"

"பதினேழாம் அத்தியாயத்தில் கதைநாயகன் விடியலில் கழிமுகத்தில் நிற்கிறான். இறால் திரண்டு வருகிறது. கையில் வலை இருக்கிறது. வீட்டில் அடுப்பு எரியவில்லை. பார்ப்பவர் ஒருவரும் இல்லை. ஆயினும் அவன் வலையை இறக்காமல் வெறுமனே நின்றுவிட்டுத் திரும்புகிறான். இந்தச் செயலின்மைக்கு நாவலில் எந்தக் காரணமும் இல்லை. மொழிபெயர்ப்பு நாவல்களிலிருந்து இரவல் பெற்ற விரக்தியை ஆசிரியர் ஒரு மீனவனின் தோளில் ஏற்றியிருக்கிறார்."

சிலுவையம்மாள் கை உயர்த்தினார். "பாப்பா, அன்னிக்கு யாரு முறை?"

"எது?"

"அவன் நின்னுகினு இருந்தான்னியே, அன்னிக்கு."

சாலமன் சுவரைப் பார்த்தபடி சொன்னான். "எதிர்க்கரை முறை, சின்னம்மா."

"அப்பால எப்டிறா எறக்குவான்? அடுத்தவன் நாள்ல வலை எறக்குனா மனுசனா அவன்?" அவர் என் பக்கம் திரும்பினார். "ஏன் பாப்பா, இத போடலியா அதுல?"

"போட்டுகீது. மூணாவது அத்தியாயத்துல," என்றான் சாலமன். "வெட்டச் சொன்னாங்களே, அதுல."

கமால் தொடையில் தட்டிச் சிரித்தான். "மேடம் காரணத்த வெட்டிட்டு, காரணம் எங்கன்னு தேடிகினு கீறாங்க, மாமு!"

கூட்டம் முழுவதும் சிரித்தது. நூல் என் மடியில் இருந்தது. மூன்றாம் அத்தியாயத்தின் ஓரத்தில் என் பென்சில், 'தகவல் குவியல்' என்று எழுதியிருந்தது. அந்த அத்தியாயத்தின் மீதிப் பக்கங்களை மும்மூன்றாகப் புரட்டியிருந்தேன். தண்டையார்பேட்டையில் பிறந்தவள் என்பதால் வடசென்னையின் எந்தக் கரையையும் வாசித்துவிட முடியும் என்ற நினைப்பு எனக்கு. பசியோடு, தனியாக, எவரும் பாராதபோதும் பிறருடைய நாளைத் தொடாமல் திரும்பிய ஒருவனை நான் இரவல் விரக்தி என்று எழுதியிருந்தேன்.

"தப்பு என்னுதுதான்," என்றேன். எல்லோரும் பார்க்க இரண்டு பத்திகளையும் அடித்தேன்.

"மூணாவது பத்தியையும் அடி," என்றான் சாலமன், தாளை எட்டிப் பார்த்து.

"மாட்டேன்."

"படிக்காம எழுதுவ. ஆனா அடிக்க மாட்ட."

"இத படிச்சுட்டுதான் எழுதினேன்."

"ரெண்டு வருசம், கன்டெய்னர் நெழல்ல குந்திகினு எழுதுனது. நாளைக்கு அந்த பேப்பரு போவுது. பேஜாரு பண்ணாத, உமைமா."

"வாசிம்மா," என்றார் ஜாபர்.

வாசித்தேன். "இந்நாவலின் குடும்பத்தைக் காப்பாற்றுபவள் நாயகனின் சின்னம்மா. ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறாள். இருநூற்றுப் பத்துப் பக்கங்களில் அவளுக்குப் பெயர் இல்லை. படகுக்குப் பெயர் இருக்கிறது. நாய்க்கும் இருக்கிறது."

இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. சிலுவையம்மாள் மெதுவாகத் திரும்பினார்.

"நாய்க்கு இன்னா பேரு வெச்சே?"

சாலமன் தலை குனிந்தான். "டைகர்."

"நம்ம வூட்டு நாயி பேரேதான்."

"சின்னம்மா, அது கதை..."

"கதைன்னா நாயி பேரு வரும், என் பேரு வராதா?"

ஜாபர் தொண்டையைச் செருமினார். "உமைமா, முடிவா என்ன எழுதறது? சேர்க்கலாமா, வேணாமா?"

தாளின் அடியில் எழுதினேன்: 'பாடத்தில் சேர்க்கலாம். மூன்றாம் அத்தியாயம் முழுமையாக இருக்க வேண்டும்.' மேலே இருந்த பத்தியைத் தொடவில்லை. தாளை நீட்டியபோது சாலமன் குறுக்கே கை வைத்தான்.

"இத்தோட போனா காலேஜ்ல முதல்ல அந்தப் பத்திய தான் படிப்பானுங்க. அது இல்லாம அனுப்புங்க சார். இல்லன்னா என் புக்கே வேணாம்."

"கைய எடுறா," என்றார் சிலுவையம்மாள். "போவட்டும். அதுலனாச்சும் நான் கீறேன்."

அவன் கையை எடுத்தான். ஜாபர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். படியிறங்கும்போது சாலமன் என்னைக் கடந்து, நிற்காமல் சொன்னான்: "வெட்டச் சொன்னத மறக்க மாட்டேன்."

"மறக்காத," என்றேன்.

கீழே அவன் வண்டியைக் கிளப்பிப் பின்னிருக்கையைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தான். சிலுவையம்மாள் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

"சின்னம்மா, ஏறு."

அவர் திரும்பவில்லை. "நான் பஸ்ல வரேன். நீ டைகர ஏத்திகினு போ."