மாலிஸ் நின்ற இடம்

கஞ்சி கொதிக்கத் தொடங்கியபோது மணி ஆறேகால் இருக்கும். பள்ளிக்கூடத்தின் பின்னால் மூன்று கல் கூட்டிய அடுப்பில் நான் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கிம்லெங் வாளித் தண்ணீரில் முட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

நாங்கள் இருவரும் பட்டம்பாங் நகரக் கல்லூரியில் படிக்கிறவர்கள். எங்கள் கல்லூரியிலிருந்து எட்டுப் பேர், இருவர் இருவராக முறை வைத்துக்கொண்டு, எல்லையோரத்து அந்த இரண்டறைப் பள்ளிக்கு வந்து பத்து நாள் தங்குவோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம். சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்போம். காலையில் கஞ்சி காய்ச்சுவோம். வெறும் வயிற்றோடு வந்து கரும்பலகையை வெறித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்த பிறகு தொடங்கிய வழக்கம் அது. முந்தின நாள் மாலை பிள்ளைகளிடம், "நாளைக்குக் கஞ்சியில முட்டை உண்டு. சீக்கிரம் வாங்க" என்று சொல்லியிருந்தேன். எல்லோரும் கூத்தாடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள்.

சமையலுக்கு உதவ வரும் பியாப் சித்தி கீரைக்கட்டோடு வந்தாள். "சோத்தியா, பொகை கண்ணைக் கரிக்குதே, ஈர வெறகா?" என்று கேட்டபடி குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அடுப்பருகில் மிச்சமிருந்த ஒரு கட்டைக் கையில் எடுத்தாள். மூன்று குச்சிகள். ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே வைத்து நடுவில் காட்டுக்கொடியால் கட்டியிருந்தது.

"இது எங்க கெடைச்சுது?"

"வழியில சித்தி" என்றான் கிம்லெங். "உங்க ஊர்க்காரங்க தங்கமானவங்க. போன வாரம் பள்ளிக்கூடத்துக்குன்னு வெறகு கட்டி வழியோரமா வெச்சுட்டுப் போனாங்கல்ல? நேத்தும் வெச்சிருந்தாங்க. நாங்க எடுத்துக்கிட்டு வந்தோம்."

"எந்த வழியில?"

"மேல் குடியிருப்புக்குப் போற வண்டித்தடம் பிரியுதே, அங்க. எடது பக்கம் ஒரு ஒத்தையடிப் பாதை வாயில ஏழு கட்டு இருந்துச்சு."

சித்தியின் கையிலிருந்த கீரை கீழே விழுந்தது. அவள் கத்தவில்லை. அதுதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

"வெறகு இல்லடா அது" என்றாள் மெதுவாக. "அந்தப் பாதையில போகாதேன்னு சொல்றது. உள்ள கண்ணிவெடி இருக்கு. போன வருசம் நம்ம ஊர் வித்தோட மாடு அங்கதான் செத்துது. வெடி எடுக்கிறவங்க வந்து பலகை நடுற வரைக்கும் நாங்க குச்சியைக் குறுக்க போட்டு வெப்போம். இங்க பொறந்த புள்ளைங்க எல்லாத்துக்கும் தெரியும்."

நகரத்தில் வளர்ந்த எங்களுக்கு மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை மட்டும்தான் தெரியும். அடுப்பைப் பார்த்தேன். அந்தக் குச்சிகள் எரிந்துகொண்டிருந்தன. மேல் குடியிருப்பிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகள் அந்த வழியாகத்தான் வருவார்கள். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு இடது பாதை குறுக்குவழி. நான்தான் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தேன்.

கிம்லெங் வெடி எடுக்கிறவர்களின் முகாமுக்கு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். முகாம் எட்டுக் கிலோமீட்டர். நானும் சித்தியும் ஓடினோம். செருப்பு எங்கே கழன்றது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாதை பிரியும் இடத்துக்கு வந்தபோது பிள்ளைகள் வண்டித்தடத்தில் சிரித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். பெரிய பிள்ளைகளுக்கு வழி தெரியும். குச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்கள் சுற்றிக்கொண்டுதான் வருவார்கள். சித்தி அவர்களை நிறுத்தித் தலைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பதினொன்று.

"மாலிஸ் எங்க?"

"அவ முன்னாடியே கெளம்பிட்டா. முட்டை தீந்துடுமாம்" என்று ஒருத்தி சிரித்தாள்.

மாலிஸுக்கு ஏழு வயது. மரவள்ளி வெட்டும் வேலைக்காக அவள் குடும்பம் அந்த ஆண்டுதான் கம்போங் தோமிலிருந்து வந்திருந்தது. அவளுக்கு அந்த மண் தெரியாது. குச்சி கிடந்தால் போகக் கூடாது என்று வந்தவுடன் சொல்லிக்கொடுத்தது மட்டும் தெரியும்.

இடது பாதையில் பார்த்தேன். இடுப்பளவு புல்லுக்கு நடுவே நாற்பது தப்படி தூரத்தில் வெள்ளைச் சட்டை போய்க்கொண்டிருந்தது. பாதை அங்கே புல்லில் மறைந்து போயிருந்தது. அவள் அங்கும் இங்கும் பார்த்து வழி தேடிக்கொண்டிருந்தாள்.

கூப்பிட வாயைத் திறந்தேன். சித்தி என் வாயைப் பொத்தினாள். "கூப்பிட்டா திரும்பி ஓடி வருவாடி" என்றாள் காதருகில். "ஓடக் கூடாது. நிக்கணும். எப்படியாவது நிக்க வை."

எப்படி நிறுத்துவது? என் தலை மரத்துப் போயிருந்தது. மாலிஸ் இன்னும் ஓரடி வைத்தாள். பிறகு இன்னோரடி.

அப்போது நான் கொடிப் பாட்டைப் பாடத் தொடங்கினேன்.

நான் யோசித்துச் செய்யவில்லை. தினமும் காலையில் கொடி ஏற்றும்போது பாடுகிற பாட்டு. அது கேட்டால் வாசலில் ஓடுகிற பிள்ளையும் நிற்கும், தெருவில் சைக்கிளில் போகிறவரும் இறங்கி நிற்பார். முதல் வரியே சுருதி தப்பியது. சித்தியும் சேர்ந்துகொண்டாள். பின்னால் பதினொரு பிள்ளைகளும் காரணம் தெரியாமல் நேராக நின்று பாடினார்கள்.

வெள்ளைச் சட்டை நின்றது. இடது கால் முன்னே இருந்தது. பின்னால் இருந்த வலது காலைத் தூக்கி, விறைப்பாக நிற்பதற்காக இடது காலோடு சேர்த்து வைத்தாள். அந்தக் கால் தரையில் படும்வரை நான் பாடிக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தேன். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு அவள் நின்றாள்.

மூன்று பத்தியும் முடிந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இரண்டாம் தடவை பாதியிலேயே அவள் குரல் வந்தது.

"டீச்சர்! எத்தனை வாட்டி பாடுவீங்க?"

"மாலிஸ், அசையாதம்மா. அப்படியே நில்லு."

"ஏன்?"

ஏதாவது விளையாட்டு என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். சித்தி என் முழங்கையைப் பிடித்தாள். "நெசத்தைச் சொல்லிடு. எதுக்கு நிக்கிறோம்னு தெரிஞ்சா நிப்பா. தெரியலேன்னா சலிச்சுப் போய் நடந்துடுவா."

"மாலிஸ், நீ நிக்கிற எடத்துல வெடி இருக்கலாம். எடுக்கிறவங்க வராங்க. அது வரைக்கும் காலை எடுக்கக் கூடாது."

புல் அசைந்தது. அவள் தோள்கள் மெல்லக் குலுங்குவது தெரிந்தது. பிறகு அழுகை கலந்த குரல் வந்தது.

"குச்சி இல்லியே டீச்சர். நான் பாத்தேனே. குச்சி இல்லேன்னுதான் வந்தேன்."

"நான்தான் எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"அடுப்பெரிக்க. எனக்குத் தெரியாதும்மா."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என் தம்பிக்குக்கூடத் தெரியும். அவனுக்கு மூணு வயசு" என்றாள்.

பின்னாலிருந்து ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவளும் அழுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வெயில் ஏறியது. அவள் முகத்தை நான் பார்க்க முடியவில்லை. முதுகு மட்டும்தான் தெரிந்தது. பேச்சை விட்டால் அவள் தனியாகிவிடுவாள் என்று வாய் ஓயாமல் பேசினேன். தம்பி பேர், அவர்கள் ஊர் ஆறு, கோழிகள், எல்லாம் கேட்டேன். ஒவ்வொரு பதிலுக்கும் நடுவில் மனசுக்குள் புத்தரைச் சரணடைந்தேன். தர்மத்தை, சங்கத்தை. சிறுவயதில் அம்மா விகாரையில் சொல்லிக்கொடுத்த அந்த மூன்று வரிகள் தவிர வேறு எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கு அது நேரமில்லை. அந்தப் பிள்ளையின் கால் சோர்ந்துவிடக் கூடாது என்று மட்டும் கேட்டேன்.

"டீச்சர்."

"என்னம்மா?"

"ஒண்ணுக்கு வருது."

"நின்ன எடத்துலயே உக்காந்து போம்மா. பாதத்தை மட்டும் நகத்தாதே."

"எல்லாரும் பாக்குறாங்க."

சித்தி திரும்பினாள். "ஏய், எல்லாரும் திரும்புங்கடா! கண்ணைப் பொத்து. டேய் செங், வெரலுக்கு நடுவுல பாக்குறியா? தோலை உரிச்சுடுவேன்!" பதினொரு பிள்ளைகளும் முதுகைக் காட்டிக் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். நானும் சித்தியும் திரும்பிக்கொண்டோம். வெடி புதைந்த நிலத்தின் விளிம்பில், ஒரு சின்னப் பெண்ணின் வெட்கத்துக்காக நாங்கள் பதின்மூன்று பேர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். திரும்பி நின்ற அந்த நேரம்தான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. ஒவ்வொரு கணமும் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தத்தை எதிர்பார்த்தேன்.

"முடிஞ்சுது" என்றது குரல். கொஞ்சம் தெம்பாகவே இருந்தது.

யாரோ போய்ச் சொல்லி அவள் அம்மா ஓடி வந்தாள். மரவள்ளி வெட்டும் கத்தி இன்னும் கையில் இருந்தது. நிற்காமல் நேராகப் பாதைக்குள் இறங்கப் போனவளைச் சித்தி இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். இருவரும் மண்ணில் விழுந்தார்கள்.

"விடுங்க! எம் புள்ள!"

"நீ போய் வெடிச்சா அவ ஓடி வருவா. அம்மா கிட்ட ஓடி வராம இருப்பாளா? உக்காரு. அவளுக்குக் கேக்கற மாதிரி பேசு."

அவள் உட்கார்ந்தாள். மூச்சு அடங்கியதும், "யாரு எடுத்தது?" என்று கேட்டாள்.

"நான்தாங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மகளின் முதுகைப் பார்த்தபடி, "மாலிஸ், அம்மா இங்கதான் இருக்கேன்" என்றாள். "தலையைத் திருப்பாதே. கேட்டுக்கிட்டே இரு."

ஏழே முக்காலுக்குக் கிம்லெங்கோடு வெடி எடுக்கிறவர்கள் வந்தார்கள். செண்டா என்ற பெண்தான் தலைவி. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவளாக இருப்பாள். முகக் கண்ணாடி போட்ட தலைக்கவசம், கழுத்திலிருந்து முழங்கால் வரை கனத்த கவசம். எங்களை எல்லாம் தூரப் போய் உட்காரச் சொன்னாள். அம்மா மட்டும் அசையவில்லை. செண்டா அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி, படுத்துக்கங்க. படுத்துக்கிட்டே பேசுங்க" என்றாள்.

அவள் கையிலிருந்த உலோகம் தேடும் கருவி ஒரு கை நீள அகலத்துக்கு இடமும் வலமும் போயிற்று. புல்லை ஒரு பிடி, ஒரு பிடியாக வெட்டினாள். மண்டியிட்டு மண்ணைச் சாய்வாகக் குத்திப் பார்த்தாள். பிறகு ஒரு முழம் முன்னேறினாள். கருவி பீப் என்று கத்தும்போதெல்லாம் அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தாள். பழைய தகர டப்பா. ஆணி. மறுபடி டப்பா. கிம்லெங் என் பக்கத்தில் குந்தியிருந்தான். "நான்தானே கட்டை எடுன்னேன்" என்றான் ஒரே ஒரு தடவை. "ரெண்டு பேரும்தான்" என்றேன்.

ஒன்பது மணிக்கு மேல் கருவி கத்தியது. இந்தத் தடவை செண்டா நெடுநேரம் குனிந்தே இருந்தாள். பிறகு இடுப்பிலிருந்து சிவப்பு முளை ஒன்றை எடுத்து நட்டுவிட்டு, அதைச் சுற்றி வழியைத் திருப்பினாள். எல்லாம் முடிந்த பிறகு அவள் என்னைத் தனியே கூப்பிட்டுக் கையை விரித்துக் காட்டினாள். மாலிஸ் நடந்த காலடித் தடத்துக்கும் அந்த வெடிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. "அம்மாகிட்ட சொல்லாதே. நீ தெரிஞ்சுக்க" என்றாள்.

பத்தரை மணிக்குச் செண்டா மாலிஸைத் தொட்டாள். அவள் ஏதோ சொல்ல, மாலிஸ் தலையாட்டினாள். கால்கள் விறைத்துப் போயிருந்ததால் நடக்க முடியவில்லை. செண்டா அவளை மார்போடு தூக்கிக்கொண்டு, தான் திறந்த அந்த ஒரு கை நீள அகல வழியில், ஒவ்வோர் அடியாகத் திரும்பி வந்தாள்.

அம்மா மகளை வாங்கிக்கொண்டாள். கால்களைத் தடவினாள், பாதங்களைத் திருப்பிப் பார்த்தாள், விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். நான் அவள் முன்னால் மண்டியிட்டுக் கைகளைக் கூப்பி நெற்றி மண்ணில் படக் குனிந்தேன்.

அவள் மகளின் காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நான் வேலைக்குப் போகணும்" என்றாள் கடைசியில். "போகலேன்னா நாளைக்கு வர வேணாம்னு மொதலாளி சொல்லிடுவான்." மகளைக் கீழே இறக்கி நிறுத்தினாள். அந்தச் சின்னக் கையைப் பிடித்து என் கையில் வைத்தாள். "இவ காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. நீ கூட்டிட்டுப் போ."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண்கள் இன்னும் பயத்தில்தான் இருந்தன. மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் மகளின் கையை என் கையில் வைத்தாள். என் வாழ்நாளில் எனக்கு யாரும் இவ்வளவு பெரிய ஒன்றைக் கொடுத்ததில்லை.

வண்டித்தடத்தில் நடந்தோம். கால் சரியானதும் மாலிஸ் என்னை இழுக்கத் தொடங்கினாள்.

"டீச்சர், வேகமா வாங்க."

"மெதுவாப் போலாம்மா."

"இது நல்ல வழி டீச்சர். மாடெல்லாம் போவுது."

அவள் சொன்னது சரிதான். மாட்டு வண்டிச் சக்கரத் தடம் ஆழமாகக் கிடந்தது. அப்படியும் பள்ளிக்கூடம் வரை ஒவ்வோர் அடியையும் தரையைப் பார்த்துத்தான் வைத்தேன். அவள் கையை விடவே இல்லை.