தாயார் மேல் ஒரு ஸ்தோத்திரம்

...தாயார் மேல் என்று எப்படி வாய் கூசாமல் சொன்னேன், வேறு எதையாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, சீ, எதைச் சொன்னாலும் பொய் பொய்தானே என்று பங்கஜவல்லி பொன்னேரி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் டிபன் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள், கும்மிடிப்பூண்டி பாசஞ்சர் இன்னும் வரவில்லை, வராமலே போனாலும் தேவலை, தொழிற்பேட்டையில் இவள் ஒருநாள் டைப் அடிக்காவிட்டால் குடியா முழுகிப் போய்விடும்... நேற்று சாயங்காலம் திருவள்ளூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள், கோவில் கைங்கர்யக் குடும்பம், ஒரே பிள்ளை யதிராஜன், பேங்க் உத்தியோகம், சொஜ்ஜி பஜ்ஜி ஆனதும் பிள்ளையின் அம்மா ஒரு பாட்டுப் பாடச் சொன்னாள், இவளுக்குத்தான் பாட்டு வராதே, மூன்று வரன் அதிலேயே தட்டிப்போயிற்று, வயசும் இருபத்தேழு ஆகிவிட்டது. அப்பா தேசிகன் சும்மா இருந்தாரா? "பாட்டு இல்லேன்னா என்ன ஸ்வாமி, கொழந்தைக்கு ஃப்ரெஞ்சு தெரியும், பி.யு.சி.ல தொண்ணூறு மார்க்கு!" என்று மார்தட்டிவிட்டார். ஃப்ரெஞ்சு தெரியுமாம், மண்ணாங்கட்டி தெரியும், மார்க் அள்ளலாம் என்று காலேஜில் பாதிப் பேர் எடுத்தார்கள், இவளும் எடுத்தாள், அவ்வளவுதான்.

"சொல்லும்மா, கேப்போம்" என்றார் பிள்ளையின் தகப்பனார் எம்பார். பத்து வருஷம் ஆயிற்று, மண்டைக்குள் ஒன்றுமே இல்லை, வாயில் வந்தது ஒன்றே ஒன்று, லவே, கழுவுதல், முதல் பாடத்து வினைச்சொல், அதை ஆளுக்கு ஆள் மாற்றிச் சொல்லும் வரிசை, ழெ லாவ், து லாவ், இல் லாவ், நூ லவோன், வூ லவே... நான் கழுவுகிறேன், நீ கழுவுகிறாய், அவன் கழுவுகிறான், நாங்கள் கழுவுகிறோம், நீங்கள் கழுவுகிறீர்கள், அட ராமா! அதுவும் எந்த இழுப்பில்? அப்பா கூடத்தில் பையன்களுக்குப் பாசுரம் சந்தை சொல்லிக்கொடுப்பாரே, அவர் ஒருதரம் சொல்ல அவர்கள் இரண்டுதரம் சொல்ல, அந்த இழுப்பில்தான் இவள் பரீட்சைக்கு நெட்டுருப் போட்டிருந்தாள், அப்படியே வந்து விழுந்தது. "ஸ்தோத்ரமாம்மா? யார் மேல?" என்று கேட்டார் எம்பார். இல்லை மாமா, பாத்திரம் கழுவறது என்று அப்போதே சொல்லியிருந்தால் எல்லோரும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் காப்பி குடித்திருப்பார்கள், ஆனால் அப்பாவின் முகம், நாலாவது தடவையாகத் தொங்கப்போகும் அந்த முகம்... தாயார் மேல, என்றாள். அந்தப் பெரியவர் எழுந்தார், மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், தாயார் சன்னிதியில் நிற்பதுபோலக் கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டு "இன்னொரு தரம் சொல்லும்மா" என்றார். இவளும் சொன்னாளே, பாவி, சொன்னாளே! அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இந்தப் பெண்தான் எங்காத்துக்கு என்று அங்கேயே முடிவாகிவிட்டது, அப்பாவுக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை சந்தோஷத்தில், இவளுக்கும் தூக்கமில்லை.

"இன்னாடி பங்கஜம், மூஞ்சி இப்டி கீது? மாப்ள புடிக்கலையா?" என்றாள் கிரேஸ், ஒரே கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருப்பவள். இவள் பதில் சொல்லுமுன் யதிராஜனே படியேறி வருவது தெரிந்தது, ராத்திரி இங்கே உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள், ஊருக்குத் திரும்பும் வண்டியைப் பார்க்க வந்திருப்பார், கிரேஸ் குறும்பாக நகர்ந்துகொண்டாள். பிளாட்பாரமே பார்க்கிற மாதிரி இருந்தது. பார்க்கட்டும், சொல்லிவிட வேண்டும், இப்போதே, கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும், "நேத்திக்கு நான் சொன்னது ஸ்தோத்ரமே இல்லை..." என்று ஆரம்பித்தாள். அவர் சிரித்தார். "லவே தானே? கழுவறது. நானும் ஃப்ரெஞ்சுதான் எடுத்தேன், அதே புஸ்தகம்."

காது இரண்டும் எரிந்தது, பூமி பிளக்காதா என்றிருந்தது, அப்புறம் ஏதோ இறங்கின மாதிரியும் இருந்தது, தெரிந்தும் வேண்டாம் என்று சொல்லவில்லையே, நல்ல மனசு, எத்தனை பெரிய மனசு... "அப்பா கார்த்தாலேர்ந்து அதையே சொல்லிண்டு திருவாராதனம் பண்றார், ரெண்டு வரி பாடமே ஆயிடுத்து" என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பெருமாள் முன்னாலா? "ஐயோ, அவர்கிட்ட சொல்லிடுங்கோளேன், நான் வேணா வந்து கால்ல விழறேன்." "எதுக்கு? பாக்க நன்னாத்தானே இருக்கு. மிச்சத்தையும் நீயே வந்து சொல்லிக்குடு."

வண்டி வந்துவிட்டது. ஏறினாள், கிரேஸ் இடம் போட்டிருந்தாள், உட்கார்ந்தாள். நேற்று அவர் தன் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், அந்தக் கண்ணீரை அத்தனை கிட்டத்தில் பார்த்திருக்கிறார், பார்த்துக்கொண்டே சிரிப்பை அடக்கியிருக்கிறார். நானாவது பயத்தில் சொன்னேன், இவருக்கு என்ன பயம்? பெற்ற அப்பாவையே இப்படி வேடிக்கை பார்க்கிறவர் நாளைக்கு என்னை... "சிரிச்ச மொகமா கீறாருடி, நல்ல மனுசன்" என்றாள் கிரேஸ். ஜன்னலுக்கு வெளியே பொன்னேரி வயல்கள் நகர்ந்தன. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் இவர் வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னால் ஏன் என்று கேட்பார், கேட்காமல் இருப்பாரா, அந்தச் சிரிப்பைச் சொல்ல வேண்டுமானால் எதற்குச் சிரித்தார் என்று சொல்ல வேண்டும், முதலில் தன் பொய்யைச் சொல்ல வேண்டும்... இது அவருக்கும் தெரியும், தெரிந்துதான் அத்தனை நிம்மதியாகச் சிரித்தாரோ?